கழித்தால் கிடைக்கும் வேகம்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பைக்கில் போனவர்களுக்கு இது தெரியும். முதுநகர் நெரிசலில் ஊர்ந்து, ஆலப்பாக்கம் வரும்வரை காற்று ஒரு பொருட்டாகவே இருக்காது. புதுச்சத்திரம் பக்கம் சாலை நீண்டு கிடக்கும்போது கை தானாக முறுக்கும். முள் 60ஐத் தொட்டதும் சட்டை முதுகில் உப்பிக்கொள்ளும். 80ல் பின்னால் உட்கார்ந்திருப்பவர் சொல்வது காதில் விழாது. 90ஐ நெருங்கும்போது நூறு சி.சி. வண்டி இதற்குமேல் முடியாது என்று கைவிரித்துவிடும். அப்போது ஓட்டுபவர், யாரும் சொல்லித்தராமலே ஒரு காரியம் செய்வார். தலையைக் குனிந்து, முழங்கையை உள்ளே ஒடுக்கி, பெட்ரோல் டேங்கோடு ஒட்டிப் படுப்பார். முள் இன்னும் நாலைந்து கிலோமீட்டர் ஏறும்.

எஞ்சின் அதேதான், பெட்ரோலும் அதேதான். கூடுதலாக வந்த அந்த நாலைந்து கிலோமீட்டர் எங்கே ஒளிந்திருந்தது?

அந்தக் குனிதலை ஆண்டுக்கணக்கில், விரல்கடை விரல்கடையாகச் செய்து பார்த்தவர்கள் உண்டு. தங்கள் வீட்டு கார் ஷெட்டிலேயே விமானம் கட்டியவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரான அமெரிக்கர் மைக் ஆர்னால்டு, கலிஃபோர்னியாவில் தானே கட்டிய ‘ஏ.ஆர்.-5’ என்ற ஒற்றை இருக்கை விமானத்தை 1992-ல் மணிக்கு 343 கி.மீ. வேகத்தில் பறக்கவிட்டு, 300 கிலோவுக்குக் குறைந்த விமானங்களுக்கான உலகச் சாதனையைப் படைத்தார். அதிலிருந்தது 65 குதிரைத்திறன் கொண்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். ஒரு சின்னக் காரின் எஞ்சினுக்கு இருக்கும் சக்தி அவ்வளவுதான். அந்த வேகத்தில் கடலூரிலிருந்து சிதம்பரம் எட்டு நிமிடம்.

அது எப்படி முடிந்தது என்பதே இந்த அத்தியாயம்.

தானே சொன்ன கணக்கு

காற்றின் பலத்தைக் கடலூர்க்காரர்களுக்குப் புத்தகம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 140 கி.மீ. வரை வீசிய காற்றில் பண்ருட்டி வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் தோப்புத்தோப்பாகச் சாய்ந்தன. அந்த வேகத்தில் வரும் காற்று, தனக்குக் குறுக்கே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 90 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளுகிறது. ஒரு வாசற்கதவின் மேல் மூன்று ஆட்கள் தோள் கொடுத்து அழுத்துவதற்குச் சமம் அது.

மணிக்கு 280 கி.மீ. வேகத்தில் போகும் சிறு விமானம், ‘தானே’யைப் போல இரு மடங்கு வேகமுள்ள புயலைத் தானே உண்டாக்கிக்கொண்டு, பயணம் முழுக்க அதற்குள்ளேயே இருக்கிறது. வேகம் இரு மடங்கானால் தள்ளும் விசை இரு மடங்கோடு நிற்பதில்லை. ஒரு நொடிக்கு வந்து மோதும் காற்றின் அளவு இரு மடங்கு. மோதும் ஒவ்வொரு பிடிக் காற்றின் வேகமும் இரு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் நான்கு. சதுர மீட்டருக்கு 360 கிலோவுக்கு மேல்.

கதை அத்தோடு முடியவில்லை. எஞ்சின் அந்த நான்கு மடங்கு விசையை எதிர்த்துத் தள்ள வேண்டும். ஒரு நொடியில் அது கடக்கும் தூரமும் இரு மடங்காகிவிட்டதால், செலவாகும் திறன் எட்டு மடங்கு. வேகத்தை மூன்று முறை பெருக்கிக் கிடைக்கும் இந்த எண்தான் விமானம் கட்டுபவரின் முதல் எதிரி. பைக்கிலேயே இதைப் பார்க்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து 60ல் போகும்போது காற்றைக் கிழிக்க இரண்டு குதிரைத்திறன்கூட ஆகாது. 90ல் ஆறுக்கு மேல் வேண்டும். நூறு சி.சி. எஞ்சினின் கையிருப்பு அங்கே தீர்ந்துபோகிறது.

இதையே திருப்பிப் போட்டால் இன்னும் கசக்கும். எஞ்சினை இரு மடங்கு பெரிதாக்கினால் வேகம் எவ்வளவு கூடும்? 26 சதவீதம் மட்டும். அதுவும் காகிதத்தில். பெரிய எஞ்சின் எடை கூடியது. அதைத் தாங்கச் சட்டகம் கனக்க வேண்டும். அதிகம் குடிக்கும் பெட்ரோலுக்குப் பெரிய டேங்க் வேண்டும். இத்தனையையும் தூக்க இறக்கை பெரிதாக வேண்டும். பெரிய இறக்கை மேலும் காற்றைத் தடுக்கும். கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்கும் குடும்பத்தின் நிலை.

எதிர்ப்பக்கம் இன்னொரு வழி இருக்கிறது. காற்றுத் தடையைப் பாதியாகக் குறைத்தாலும் வேகம் அதே 26 சதவீதம் கூடும். அதற்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டாம், எடை வேண்டாம், பெரும்பாலும் பணமும் வேண்டாம். வேண்டியது பொறுமை ஒன்றுதான். வீட்டில் விமானம் கட்டுபவரிடம் பெரும்பாலும் இருப்பதும் அது ஒன்றுதான்.

ஒரு சாப்பாட்டுத் தட்டு

விமானம் காற்றில் எவ்வளவு ‘இடிக்கிறது’ என்பதை ஒரே எண்ணில் சொல்ல ஒரு வழி உண்டு. விமானத்தை மறந்துவிட்டு, காற்றுக்கு நேர்குறுக்கே பிடித்த ஒரு தட்டையான பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பலகை எவ்வளவு பெரிதாக இருந்தால் அந்த விமானத்துக்குச் சமமான தடையைத் தரும்? அந்தப் பரப்பே ‘இழுவைப் பரப்பு’.

நிமிர்ந்து உட்கார்ந்த ஆளோடு ஒரு நூறு சி.சி. பைக்குக்கு அது ஏறக்குறைய அரை சதுர மீட்டர். ஆர்னால்டின் ஏ.ஆர்.-5க்கு 0.88 சதுர அடி, அதாவது 0.08 சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். இறக்கை, வால், சக்கரம், எஞ்சின், உள்ளே ஒரு மனிதர் எல்லாம் சேர்ந்து காற்றுக்குத் தெரிவது, சற்றே பெரிய ஓர் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு! புதுச்சத்திரம் சாலையில் போகும் பைக் அதைப் போல ஆறு விமானங்களின் தடையை இழுத்துக்கொண்டு போகிறது.

கணக்கு சரியா என்று பார்த்துவிடலாம். மணிக்கு 343 கி.மீ. என்பது நொடிக்கு 95 மீட்டர். அந்த வேகத்தில் அந்தத் தட்டின்மேல் விழும் விசை சுமார் 46 கிலோ எடைக்குச் சமம். அதை நொடிக்கு 95 மீட்டர் தள்ள 58 குதிரைத்திறன் வேண்டும். புரொப்பெல்லரில் வீணாவதைச் சேர்த்தால் எஞ்சினின் மொத்தக் கையிருப்பான 65ம் தீர்ந்துவிடுகிறது. மாயமோ மர்மமோ எதுவுமில்லை. அதே வேகத்தில் ஒரு பைக்கை ஓட்ட வேண்டுமானால் காற்றுக்கு மட்டுமே 350 குதிரைத்திறன் அழ வேண்டும்.

ஆர்னால்டு இதற்கு அபூர்வமான பொருள் எதையும் நாடவில்லை. கண்ணாடி இழை, நுரைப்பலகை, ரெசின். சக்கரங்களைக்கூட உள்ளே மடக்கவில்லை. வழவழப்பான உறை போட்டு வெளியிலேயே விட்டுவிட்டார். இறக்கை உடலோடு சேரும் மூலை, சக்கரக் கால் இறக்கையோடு சேரும் இடுக்கு, கதவு விளிம்பின் மயிரிழை விரிசல் என்று ஒவ்வோர் இடமாகப் போய், இங்கே காற்று என்ன செய்யும் என்று கேட்டுக் கேட்டுச் சரிசெய்தார்.

சூரை மீன் படித்த பாடம்

காற்றுக்கு எந்த வடிவம் பிடிக்கும்? கடலூர் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது சூரை மீனைக் கவனியுங்கள். மூக்கு கூர்மையாகத் தொடங்கி, உடல் வேகமாகத் தடித்து, பிறகு மெல்ல மெல்ல ஒடுங்கி வாலில் முடியும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் நீளம். வேகமாக நீந்தும்போது முதுகுத் துடுப்பை முதுகிலுள்ள பள்ளத்துக்குள் மடக்கி வைத்துக்கொள்ளும் மீன் அது. விமானம் சக்கரத்தை மடக்குவதற்குப் பல லட்சம் ஆண்டுகள் முந்திய ஏற்பாடு.

காற்றைக் கிழிப்பது முன்பக்கத்தின் வேலை என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் சிக்கல் பின்பக்கத்தில். பொருளைச் சுற்றி வந்த காற்று பின்னால் மீண்டும் நிதானமாகக் கூட வேண்டும். வடிவம் சட்டென்று முடிந்துவிட்டால் காற்று கூட இடமில்லாமல் சுழல்களாகச் சிதறும். அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைந்த அழுத்தம் பொருளைப் பின்னோக்கி இழுக்கும். பைக்கில் முதுகுச் சட்டை உப்புவது அந்தச் சுழல்களின் கைங்கர்யம்.

இதனால் ஒரு விந்தை நிகழ்கிறது. வட்டமான ஒரு கம்பி, மீன் வடிவத்தில் இழைத்த பத்து மடங்கு தடிமனுள்ள கட்டையின் அளவுக்கு இழுவை தரும். விரல் தடிமன் கம்பியும், கணுக்கால் தடிமனைவிடப் பெரிய மீன் வடிவக் காலும் காற்றுக்கு ஒன்றே. புயல் நேரத்தில் மின்கம்பி ஊளையிடுகிறதே, அது கம்பியின் பின்னால் சுழல்கள் மாறி மாறிப் பிய்ந்துபோகும் ஓசை.

ஆரம்பகால விமானங்கள் அப்படிப்பட்ட கம்பிகளால் பின்னிய கூடுகள். 1909 ஜூலையில் லூயி பிளெரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியபோது அவருடைய எஞ்சின் 25 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 60 கி.மீ. அளவில். அந்தச் செய்தி சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ் என்பவரைத் தூங்கவிடவில்லை. தானே வரைந்த திட்டத்தை வைத்து சிம்ப்சன் நிறுவனத்தின் பட்டறையில் ஒரு விமானத்தைக் கட்டச்செய்து, சிறிய எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, 1910-ல் பல்லாவரத்தில் சோதித்து, தீவுத்திடலில் மக்கள் முன்னால் பறந்துகாட்டினார். குதிரை வண்டிக்குக் கூண்டு கட்டிய கைகள் கட்டிய அந்த விமானத்தை, சொந்த ஆசைக்காக விமானம் கட்டும் மரபில் தமிழ்நாட்டின் முதல் பெயராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பிளெரியோவுக்கு 68 ஆண்டுகள் கழித்து, 1977-ல் அமெரிக்காவில் ‘குவிக்கி’ என்ற ஒற்றை இருக்கை விமானம் பறந்தது. எஞ்சின் 18 குதிரைத்திறன். கல்யாண மண்டபத்தின் பின்புறம் புகை கக்கிக்கொண்டிருக்குமே ஜெனரேட்டர், அந்த வகை வேலைக்காக ஓனன் நிறுவனம் செய்த எஞ்சின். வேகம் மணிக்கு 180 கி.மீ.க்கு மேல். பிளெரியோவைவிடக் குறைந்த சக்தி, மூன்று மடங்கு வேகம். உடலைத் தூக்கிப்பிடிக்கச் செலவாகும் பங்கை ஒதுக்கிவிட்டு மேலோட்டமாகக் கணக்குப் போட்டால், இடையில் கழிக்கப்பட்ட இழுவைப் பரப்பு முப்பது மடங்குக்கும் மேல்.

படகுக்காரர் அறிந்த பொருள்

குவிக்கியின் வடிவத்துக்குப் பின்னால் இருந்தவர் பர்ட் ரூட்டன். அவர் 1975-ல் பறக்கவிட்ட ‘வேரி ஈஸி’யும், 1979-ல் வந்த ‘லாங் ஈஸி’யும் வீட்டில் விமானம் கட்டும் உலகத்தையே தலைகீழாக்கின. தலைகீழ் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சிறு இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால், புரொப்பெல்லர் வாலில். லாங் ஈஸியில் இருவர் உட்காரலாம். 115 குதிரைத்திறன் எஞ்சினோடு மணிக்கு சுமார் 290 கி.மீ. வேகத்தில் போகும். அதே அளவு எஞ்சினோடு அன்று பள்ளிகளில் பறந்த பயிற்சி விமானங்கள் 200 கி.மீ.யைத் தொடவே திணறின.

ரூட்டன் உலோகத் தகட்டை விட்டுவிட்டார். நுரைப்பலகையைச் சூடான கம்பியால் இறக்கை வடிவத்துக்கு அறுப்பார். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, எபாக்ஸி ரெசினைத் தடவி, காற்றுக்குமிழ் இல்லாமல் நீவிவிடுவார். காய்ந்ததும் இறக்கை தயார். அச்சு வேண்டாம், ஆயிரக்கணக்கான ரிவெட்டும் வேண்டாம்.

கடலூரில் உப்பனாற்றங்கரையிலும் மீனவ ஊர்களிலும் ஃபைபர் படகு வேலை பார்ப்பவரிடம் இதைச் சொன்னால் அவர் அதிசயப்பட மாட்டார். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரத்தின் இடத்தை வேகமாகப் பிடித்துக்கொண்டது ஃபைபர் படகுதான். கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசின் கலந்து, ரோலரால் அழுத்தி, அடுக்கடுக்காக ஏற்றும் வேலை இங்கே பலருக்குக் கைப்பழக்கம். படகுக்குப் பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின், விமானத்துக்கு எபாக்ஸி. படகு அச்சில் வார்க்கப்படும், ரூட்டனின் இறக்கை நுரையின்மேலேயே வளரும். ரெசின் அதிகமானால் எடைதான் கூடும், பலம் கூடாது என்ற பாடம் இருவருக்கும் பொது.

இந்தப் பொருள் வேகத்துக்கு உதவுவது அதன் வழவழப்பால். உலோகத் தகட்டை வளைத்து ரிவெட் அடித்தால் எங்காவது நெளியும், தலைகள் துருத்தும். ஃபைபரில் சூரை மீனின் இரட்டை வளைவை நினைத்தபடி வார்க்கலாம். மூலை முடுக்குகளைக் குழைத்து மூடலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கலாம். வீட்டில் விமானம் கட்டுபவரின் நேரத்தில் பெரும்பகுதி தேய்ப்பதில் போகிறது என்று அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

இந்தியாவுக்கும் ரூட்டனின் வழி வந்து சேர்ந்தது. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்.) 1980களில் லாங் ஈஸியை அடிப்படையாக வைத்து ஒரு ஆய்வு விமானத்தைக் கட்டியது. கலிஃபோர்னியப் பாலைவனத்து கார் ஷெட்டுகளுக்காக வரைந்த திட்டத்தை ஒரு அரசு ஆய்வகம் கையில் எடுத்து, ஃபைபர் விமானம் கட்டும் வித்தையைப் பழகிக்கொண்டது. அடுத்து அங்கே பிறந்த இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் 1993-ல் முதன்முறை பறந்தது. அதற்கு வைத்த பெயர் ‘ஹன்சா’. நம் மொழியில் அன்னம்.

கடற்கரைக்கு வந்த அன்னம்

2022 பிப்ரவரி 19 அன்று அந்த அன்னத்தின் புதிய தலைமுறையான ஹன்சா-என்.ஜி. பெங்களூரிலிருந்து புறப்பட்டு, ஒன்றரை மணி நேரத்தில் 140 கடல் மைல், அதாவது 260 கி.மீ. அளவு பறந்து, புதுச்சேரியில் இறங்கியது. கடலூரிலிருந்து பார்த்தால் பக்கத்து ஊர். மார்ச் 5 வரை அங்கிருந்து 18 மணி நேரம் பறந்து, கடல் மட்டச் சோதனைகளை முடித்துக்கொண்டு திரும்பியது.

சோதிக்க ஏன் கடற்கரை? பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட சுமார் 8 சதவீதம் குறைவு. கடற்கரைக்கு வந்தால் எஞ்சின் நிறைய மூச்சிழுக்கும், புரொப்பெல்லருக்குப் பிடிமானம் கூடும், அதோடு இழுவையும் கூடும். மேட்டுநிலத்தில் பழகிய விமானம் கீழே எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கீழே வந்துதான் பார்க்க வேண்டும்.

இதில் கடலூருக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. அக்னி நட்சத்திர நேரத்தில் நிழலில் 35 டிகிரி, வியர்வை காயாத புழுக்கம். காற்று கனத்துக் கிடக்கிறது என்று சொல்வோம். உண்மையில் அன்றைக்குக் காற்று லேசாகியிருக்கும். வெப்பத்தால் மட்டுமே, 15 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால், அடர்த்தி ஆறு சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். அதோடு நீராவி மூலக்கூறு நைட்ரஜன், ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது. அது வந்து உட்காரும் ஒவ்வோர் இடத்திலும் கனமான ஒன்று வெளியேறுகிறது. புழுக்கத்தால் இன்னும் ஒன்றரை சதவீதம் போகும். ஆக, சித்திரை மதியத்தில் கடலூர்க் கடற்கரையில் நிற்கும் விமானம், 800 மீட்டர் உயரக் குன்றின்மேல் நிற்பதாகவே உணரும்.

ஹன்சா-என்.ஜி.யின் எஞ்சின் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் வகை. 1,352 சி.சி., 100 குதிரைத்திறன். பயண வேகம் 98 நாட், அதாவது மணிக்கு 180 கி.மீ. அளவு. இங்கே ஒரு கேள்வி எழும். 65 குதிரைத்திறனில் ஒருவர் 343 போனார். 100 குதிரைத்திறனில் நம் அன்னம் 180தானா?

இரண்டுக்கும் பிறந்த நோக்கம் வேறு. ஏ.ஆர்.-5ல் ஒருவர், அதுவும் சாய்ந்து படுத்த நிலையில், குறுகலான கூட்டுக்குள். ஹன்சாவில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். தோளகலம் இரு மடங்கு. எடையும் இரு மடங்குக்கு மேல். வேகத்துக்குச் சின்ன இறக்கை நல்லது. சின்ன இறக்கையோடு மெதுவாக இறங்க முடியாது. முதல் முறை தனியாக இறங்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அது ஆபத்து. ஹன்சாவின் அகலமான இறக்கை அந்தப் பிள்ளைக்காகப் போட்டது. வேகத்துக்காக எதைக் கழிக்கலாம் என்று கேட்கும்போதே, எதைக் கழிக்கவே கூடாது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு மழைத்துளியின் விலை

வடிவத்தைச் சரிசெய்து, இடுக்குகளை மூடிய பிறகும் மிஞ்சுவது தோலின் உராய்வு. விமானத்தின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தில்தான் அந்த உராய்வு நடக்கிறது. 1904-ல் ஜெர்மானியர் லுட்விக் பிராண்டல் இதை விளக்கிக் காட்டினார். அந்தப் படலம் இரண்டு விதமாக ஓடும். ஒன்று, சீட்டுக்கட்டைச் சரித்தது போல ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் அடுக்கோட்டம். இன்னொன்று, மதகிலிருந்து விழும் நீர்போல உருண்டு புரளும் கொந்தளிப்பு. அடுக்கோட்டத்தில் உராய்வு பல மடங்கு குறைவு. ஆகவே இறக்கையின் முன்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் அடுக்கோட்டத்தைத் தக்கவைக்கிறோமோ அவ்வளவு லாபம்.

ஆனால் அது தொட்டாற்சிணுங்கி. முன்விளிம்பில் மோதிச் செத்த ஒரு பூச்சி போதும், அதற்குப் பின்னால் விசிறிபோல ஒரு பகுதி கொந்தளிப்பாகிவிடும். லாங் ஈஸி கட்டியவர்கள் இதை ஒரு விசித்திரமான வழியில் கற்றுக்கொண்டார்கள். வறண்ட மொஹாவே பாலைவனத்தில் உருவான அந்த விமானத்தின் முன் இறக்கை, வெயிலில் அருமையாக வேலை செய்தது. மழைக்குள் நுழைந்ததும் மூக்கு தாழத் தொடங்கியது. துளிகள் முன் இறக்கையின் அடுக்கோட்டத்தைக் கலைத்து, தூக்கு விசையைக் குறைத்துவிட்டிருந்தன. பிறகு ஜான் ரோன்ஸ் என்பவர் வேறு குறுக்குவெட்டு வடிவம் ஒன்றைக் கணக்கிட்டுத் தந்தார். அது மழையிலும் வெயிலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொண்டது.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் கடலூர்க் கரையில் அந்த விமானம் பிறந்திருந்தால், அந்தப் பாடம் முதல் மாதமே கிடைத்திருக்கும்.

சிறிய எஞ்சினின் மூச்சு

கடைசியாக எஞ்சினுக்கு வருவோம். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் கால் பங்குக்குச் சற்று மேலேதான் சக்கரத்துக்கோ புரொப்பெல்லருக்கோ போகிறது. மீதி வெப்பம். அதை அகற்றக் காற்று வேண்டும். காற்றை உள்ளே இழுத்தால் இழுவை வரும். மூக்கில் பெரிய ஓட்டையைத் திறந்துவிட்டால், உள்ளே போன காற்று எங்கெங்கோ முட்டி மோதி, வேகமிழந்து, தாறுமாறாக வெளியேறும். அது எஞ்சினின் உழைப்பில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

கைதேர்ந்தவர்கள் உள்ளே போகும் வாயைச் சிறிதாக வைப்பார்கள். உள்ளே குழாயை மெல்ல விரித்துக் காற்றை நிதானப்படுத்தி, ரேடியேட்டரின் வழியே மெதுவாகக் கடக்கவிட்டு, பின்பக்கம் மறுபடி ஒடுக்கி வேகமாக வெளியேற்றுவார்கள். 1930களில் பிரிட்டனின் மெரிடித் என்பவர் ஒரு படி மேலே போனார். ரேடியேட்டரில் சூடான காற்று விரிவதால், வெளியேறும்போது அதுவே விமானத்தைச் சிறிது முன்னே தள்ளும் என்று காட்டினார். இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங் விமானம் அந்த யோசனைக்குப் பேர்போனது. கழிவையும் காசாக்கும் குடும்பத்தலைவியின் சாமர்த்தியம்.

சிறிய எஞ்சினுக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. குறைந்த சக்தி என்றால் குறைந்த வெப்பம், சின்ன வாய், சின்ன ரேடியேட்டர். அது சுறுசுறுப்பாகவும் சுற்றும். ரோட்டாக்ஸ் முழு சக்திக்கு நிமிடத்துக்கு 5,800 சுற்று சுற்றுகிறது. புரொப்பெல்லரை அந்த வேகத்தில் சுற்றவிட்டால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டி, சக்தி சத்தமாகிப் போய்விடும். அதனால் இடையில் பல்சக்கரப் பெட்டி வைத்து, சுற்றை இரண்டரை மடங்கு அளவுக்குக் குறைக்கிறார்கள். பெரிய புரொப்பெல்லர் நிதானமாகச் சுற்றி, நிறையக் காற்றை மென்மையாகத் தள்ளுவதே சிக்கனம்.

பிறகு உயரம். 2,400 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 79 சதவீதம். தடை அந்த அளவுக்குக் குறையும். எஞ்சினுக்கும் மூச்சு குறையும் என்பது உண்மை. ஆனால் அங்கே திராட்டிலை முழுக்கத் திறந்தால் நான்கில் மூன்று பங்கு சக்தி கிடைக்கும். நெடும்பயணத்தில் எஞ்சினை வதைக்காமல் ஓட்டும் அளவும் அதேதான். கடற்கரையில் அதே சக்தியில் போவதைவிட அங்கே வேகம் எட்டு சதவீதம் கூடும். பைசா செலவில்லாமல் வானம் தரும் சலுகை.

இந்தச் சில்லறைகளையெல்லாம் சேர்த்து வைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 1986 டிசம்பரில் உலகம் பார்த்தது. ரூட்டன் வடிவமைத்த ‘வாயேஜர்’, அவர் அண்ணன் டிக் ரூட்டனையும் ஜீனா யேகரையும் சுமந்துகொண்டு, எங்கும் இறங்காமல், நடுவில் எரிபொருள் நிரப்பாமல், ஒன்பது நாளில் பூமியைச் சுற்றி வந்தது. புறப்பட்டபோது அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு எரிபொருள். விமானம் என்று கண்ணுக்குத் தெரிந்தது, எரிபொருளைச் சுற்றிப் போர்த்திய மெல்லிய ஓடு.

திரைக்குப் பின்னால்

பு.முட்லூரைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறினால் சிதம்பரம் வந்துவிடும். அங்கே பஞ்சபூதங்களில் ஆகாயத்தை வழிபடுகிறார்கள். திரையை விலக்கினால் ஒரு தங்க வில்வமாலை தொங்கும். அதற்குப் பின்னால் வெற்றிடம். ஏதோ ஒன்று இருக்கும் என்று எட்டிப் பார்ப்பவருக்கு, இல்லாமையே காட்சியாகக் கிடைக்கிறது. சிதம்பர ரகசியம் என்று ஊரெல்லாம் சொல்வது அதை.

ஆர்னால்டின் விமானத்தில் எஞ்சின் மூடியைத் திறந்து பார்ப்பவருக்கும் கிட்டத்தட்ட அந்த அனுபவமே. உள்ளே எவரும் கடையில் வாங்கக்கூடிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். இறக்கையில் கண்ணாடி இழையும் நுரையும். ரகசியம் இருந்த இடம், அவர் ஒவ்வொன்றாக எடுத்தெறிந்த இடங்கள்: இல்லாத கம்பி, இல்லாத இடுக்கு, இல்லாத சுழல்.

இந்தியாவில் வீட்டில் விமானம் கட்டிப் பறப்பது எளிதல்ல. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதியில்லாமல் ஓரடிகூட எழும்ப முடியாது, எழும்பவும் கூடாது. கணக்குக்கு அனுமதி வேண்டாம். ரெசின் வாசனை பழகிய கைகள் கடலூரில் இருக்கின்றன. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் 45 கி.மீ. சாலையும் ஒரு பைக்கும் இருக்கின்றன.

திரும்பிப் போகும்போது தலைக்கவசத்தை இறுக்கி, சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொள்ளுங்கள். அந்த உப்பலிலிருந்து கழிக்கத் தொடங்கலாம்.